பரணுக்கு விளக்கும் பிளக் பாயிண்டும்: ஒரு வீட்டு வயரிங்கின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சரிந்த கூரை கொண்ட இரண்டு மாடி வீடு. மேல்மாடியின் உட்கூரைக்கும் வெளிக்கூரைக்கும் இடையே, நடுப்பகுதியில் ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு உயரமான பரண் இருக்கிறது. வீட்டை வாங்கி ஆறு ஆண்டுகள் ஆன ஒரு தம்பதியும் கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய மகளும் குடியிருந்தார்கள். பழைய பொருள்களைப் போட்டுவைக்கும் இடமாக இருந்த பரணில் மகள் படிக்கவும் கணினி வைத்துக்கொள்ளவும் ஒரு மூலையை ஒழுங்கு செய்ய நினைத்தார்கள். தண்ணீர்த் தொட்டி ஒன்றும் அதன் உலோகக் குழாய்களும் பரணின் மறுமூலையில் இருந்தன.

பரணில் அப்போது இருந்த மின்வசதி ஒரே ஒரு 60 வாட் இழை பல்புதான். முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ போட்டது. பிளக் பாயிண்ட் இல்லாததால் படுக்கையறையிலிருந்து ஒரு நீட்டிப்பு வயரை ஏணி வழியாக மேலே கொண்டுபோயிருந்தார்கள். பரணின் மூடியைச் சாத்தும்போதெல்லாம் அந்த வயர் மூடிக்கும் சட்டத்துக்கும் இடையே நசுங்கியது. ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓடியது.

ஒருநாள் வீட்டு அம்மையார் முழங்காலிட்டு அமர்ந்து, ஒரு கையால் தொட்டியின் குழாயைப் பிடித்தபடி மற்றொரு கையால் மேசைவிளக்கை நகர்த்தியபோது சுரீரென்று அதிர்ச்சி அடித்தது. கையை உதறி விலகிவிட்டதால் காயம் இல்லை. விளக்கைத் தூக்கி எறிந்துவிட்டு விஷயத்தை மறந்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. படுக்கையறையில் அந்த இணைப்பின் சுவிட்சை அணைத்து, பரணை மூடிவைத்துவிட்டு என்னை அழைத்தார்கள். நான் வீட்டு வயரிங் வேலைகளைத் திட்டமிட்டுச் சோதித்துக் கொடுப்பவன். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரும் அவருடைய உதவியாளரும் என்னுடன் வேலை செய்தார்கள்.

## முதலில் பார்த்தது

மேசைவிளக்கின் உடல் உலோகம். வயர் உள்ளே நுழையும் கழுத்துப் பகுதியில் உறை தேய்ந்து, ஃபேஸ் கம்பி உலோக உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. விளக்கு மூன்று முனை பிளக் கொண்டது. ஆனால் நீட்டிப்பு வயர் இரண்டு கம்பி வயர். எர்த் கம்பி அதில் இல்லை. சாக்கெட்டில் மூன்றாவது துளை இருந்தது, அதன் பின்னால் எதுவும் இல்லை.

இந்த விளக்கு எத்தனை மாதங்களாக அப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. உலர்ந்த மரத்தரையில் நிற்கும் ஒருவர் மின்னேறிய உலோகத்தைத் தொட்டாலும் மின்சாரம் தரைக்குப் போக வழி கிடைப்பதில்லை. எனவே ஒன்றும் உறைக்காது. அதே ஆள் எர்த்துடன் தொடர்புள்ள குழாயை மறுகையால் பிடித்த அந்த நொடியில் பாதை முழுமையாகிறது, அதுவும் மார்பின் வழியாக. தரையில் நிற்கும் அறைகளில் இத்தகைய பழுது சீக்கிரம் தெரிந்துவிடும். பரண் அதை மறைத்துவைத்துக் காட்டுகிறது. இந்த வீட்டில் கிடைத்த பாடங்களில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அடுத்து 60 வாட் பல்புக்கு வந்த வயரைப் பின்தொடர்ந்தோம். வெப்பத்தைத் தடுக்க உட்கூரைமேல் தெர்மாகோல் தகடுகளைப் பரப்பியிருந்தார்கள். பழைய பிவிசி வயர்கள் அத்தகடுகளுக்கு அடியில், அவற்றைத் தொட்டபடியே கிடந்தன. இது தவறான சேர்க்கை. பிவிசியை வளையச் செய்யும் எண்ணெய்ப் பொருள் மெல்ல மெல்லத் தெர்மாகோலுக்குள் இறங்கிவிடும். தகடு உருகினாற்போல் ஒட்டிக்கொள்ளும், வயர் உறை விறைத்துப்போகும். ஒரு தகட்டைத் தூக்கியபோது வயர் அதனுடன் ஒட்டிக்கொண்டே எழுந்தது. வளைத்த இடத்தில் உறை வெடித்தது.

இன்னொரு தகட்டுக்கு அடியில் ஓர் இணைப்பு: இரண்டு வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். பரண் வெப்பத்தில் டேப்பின் பசை காய்ந்து, சுற்று பாதி அவிழ்ந்திருந்தது. பெட்டி கிடையாது. படுக்கையறை உட்கூரையில் பதித்த விளக்குகளின் பின்புறமும் தெர்மாகோலால் மூடப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்றைச் சுற்றித் தகடு பழுப்பேறிக் குழிந்திருந்தது. எலியின் பல் பட்ட தடம் ஒரு வயரில் இருந்தது, செம்பு தெரியும் அளவுக்கு இல்லை.

## மீட்டர் சொன்னது

கண்ணால் பார்த்தவை இவ்வளவுதான். பார்க்க முடியாத ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும்.

மின்பலகையில் நான்கு சர்க்யூட்டுகள்: கீழ்மாடி விளக்கு, மேல்மாடி விளக்கு, படிக்கட்டும் வெளி விளக்குகளும், பிளக் பாயிண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எம்சிபி, அதாவது தானாகவே துண்டிக்கும் சுவிட்ச். கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி எதுவும் இல்லை. எம்சிபி இருந்தும் மேசைவிளக்கு ஏன் துண்டிக்கப்படவில்லை என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. எம்சிபி காப்பது வயரை. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டமோ ஷார்ட் சர்க்யூட்டோ வந்தால்தான் அது விழும். மனிதர் உடல் வழியாகப் போகும் மின்னோட்டம் ஆம்பியரில் ஒரு சிறு பகுதி. 16 ஆம்பியர் எம்சிபியின் கண்ணில் அது படவே படாது.

பரண் பல்பை எரியவிட்டு, மேல்மாடி விளக்குச் சர்க்யூட்டின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து, வயரைக் கவ்வியபடியே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் தாடைக்குள் விட்டோம். போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இருந்தால் மீட்டர் சுழியம் காட்ட வேண்டும். அது 0.26 ஆம்பியர் காட்டியது. 230 வோல்ட்டில் 60 வாட் பல்பு எடுக்கும் அளவு அதேதான். படிக்கட்டுச் சர்க்யூட்டின் இரு வயர்களை அதேபோல் அளந்தபோது அங்கும் 0.26. இரண்டு சர்க்யூட்டுகளின் நான்கு வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து அளந்தால் சுழியம். பல்பை அணைத்தால் எல்லாமே சுழியம்.

பொருள் தெளிவு. பல்பைப் போட்டவர் பரண் வழியாகப் போன மேல்மாடி விளக்கு வயரிலிருந்து ஃபேஸை எடுத்திருக்கிறார். நியூட்ரல் கைக்கெட்டாததால் பக்கத்திலிருந்த படிக்கட்டு விளக்கின் பெட்டியிலிருந்து அதை எடுத்திருக்கிறார். மின்சாரம் ஒரு சர்க்யூட்டில் போய் மற்றொன்றில் திரும்புகிறது. பல்பு எந்தக் குறையும் இல்லாமல் எரியும். பல ஆண்டுகள் எரிந்தது.

ஆபத்து பழுதுபார்க்க வருபவருக்கு. படிக்கட்டு விளக்கில் வேலை செய்ய ஒருவர் அதன் எம்சிபியை அணைக்கிறார். அது ஃபேஸை மட்டும் துண்டிக்கும் ஒற்றைத் துருவ எம்சிபி. அவர் நியூட்ரல் இணைப்பைப் பிரிக்கிறார். பரண் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், பிரிந்த இரு முனைகளில் பரணிலிருந்து வரும் முனை பல்பு வழியாக 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அணைத்துவிட்டோம் என்று நம்பி ஏணிமேல் நிற்பவரின் விரல் அதில் படும். பல்பின் மின்தடை காப்பாற்றும் என்று எண்ணக்கூடாது: எரியும்போது சுமார் 880 ஓம் இருக்கும் இழை, குளிர்ந்திருக்கையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மனித உடலுடன் தொடராகச் சேரும்போது உயிரைப் பறிக்கப் போதுமான மின்னோட்டம் தாராளமாகப் பாயும்.

இந்தக் குறையைச் சாதாரண நியான் டெஸ்டர் காட்டாது. எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள், ஃபேஸில் எரியும், நியூட்ரலில் எரியாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். பரணில் அந்த டெஸ்டரை நம்பவே முடியாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது எரியப் பிடித்திருப்பவரின் உடல் வழியாகத் தரைக்கு மிகச்சிறு மின்னோட்டம் போக வேண்டும். காய்ந்த மரச்சட்டத்தின் மேல் நிற்பவர் கையில் அது மங்கலாக எரியலாம், எரியாமலும் போகலாம். அங்கே "எரியவில்லை, மின்சாரம் இல்லை" என்று முடிவுகட்டுவது உயிரோடு விளையாடுவது. இரண்டு முனைகளைக் கொண்ட வோல்டேஜ் டெஸ்டரை, மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் முதல் இடத்தில் பார்த்த பின்புதான் கையை வைத்தோம்.

## எங்கிருந்து எடுப்பது

வீட்டுக்காரரின் விருப்பம் எளிமையானது. "மேலே ஏற்கெனவே வயர் இருக்கிறதே, அதிலிருந்தே மூன்று விளக்கும் இரண்டு பிளக்கும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்" என்றார். பலகையிலிருந்து புதிதாக இழுப்பதென்றால் சுவரில் குழாய் ஓட வேண்டும், அறைகளில் தூசி பறக்கும், செலவும் கூடும். அவருடைய தயக்கம் புரிந்தது.

மேல்மாடி விளக்கு வயரிலிருந்து பிளக் பாயிண்ட் எடுப்பதை நாங்கள் உடனே ஒதுக்கினோம். அது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், எர்த் இல்லாதது, உறை விறைத்துப்போனது. அம்மையாருக்கு அதிர்ச்சி தந்த குறையையே சுவருக்குள் நிரந்தரமாக்குவதாக முடியும்.

படுக்கையறைப் பிளக் பாயிண்டிலிருந்து மேலே எடுக்கலாமா என்பது சற்று யோசிக்க வேண்டியதாக இருந்தது. அந்தச் சர்க்யூட்டில் எர்த் நன்றாக இருந்தது. ஆனால் வீடு முழுவதற்குமான பிளக் பாயிண்டுகள் ஒரே எம்சிபியில் இருந்தன. சலவை இயந்திரமும் இஸ்திரிப்பெட்டியும் அதில்தான். அதோடு பரணில் ஏதேனும் பழுதானால் வீடு முழுக்கப் பிளக் பாயிண்டுகள் போய்விடும். பழுது பரணில் என்று கண்டுபிடிப்பதற்குள் யாராவது பொறுமையிழந்து எம்சிபியைத் திரும்பத் திரும்ப ஏற்றுவார்கள். மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பலகையிலிருந்து இரண்டு புதிய சர்க்யூட்டுகள்: விளக்குக்கு ஒன்று, பிளக் பாயிண்டுக்கு ஒன்று. பலகையில் இரண்டு காலி இடங்கள் இருந்தது உதவியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆர்சிபிஓ: விளக்குக்கு 6 ஆம்பியர், பிளக் பாயிண்டுக்கு 16 ஆம்பியர், இரண்டிலும் கசிவு எல்லை 30 மில்லி ஆம்பியர். எம்சிபியின் வேலையையும் ஆர்சிசிபியின் வேலையையும் ஒரே கருவியில் செய்வது ஆர்சிபிஓ. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தோம்.

விளக்கையும் பிளக்கையும் ஏன் பிரிக்க வேண்டும், இவ்வளவு சிறிய இடத்துக்கு இது மிகை அல்லவா என்று மகள் கேட்டார். ஏணியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கருவியின் கசிவால் விளக்கும் சேர்ந்து அணைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். பரணில் மின்அதிர்ச்சிக்கு இணையான ஆபத்து விழுவது.

பழைய 60 வாட் பல்பையும் அதன் வயரையும் இரண்டு முனைகளிலும் கழற்றி முழுமையாக நீக்குவதென்று தீர்மானித்தோம். இரு சர்க்யூட்டுகளைப் பிணைத்த நியூட்ரல் அதோடு ஒழிந்தது.

ஆர்சிபிஓ வந்துவிட்டதால் எல்லா ஆபத்தும் தீர்ந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது என்பதையும் குடும்பத்தாரிடம் சொன்னோம். ஒரு கை ஃபேஸையும் மறுகை நியூட்ரலையும் தொட்டால், அந்த ஆள் மரத்தரையில் இருந்தால், ஆர்சிபிஓவுக்கு அவர் ஒரு பல்பைப் போலத்தான் தெரிவார். போகிறதும் வருகிறதும் சமம், அது துண்டிக்காது.

## வயரின் கனமும் பாதையும்

இங்கேதான் பரண் ஓர் அறையிலிருந்து வேறுபடுகிறது. பிற்பகலில் வைத்த வெப்பமானி பரணுக்குள் 48 டிகிரி செல்சியஸ் காட்டியது. அது ஆண்டின் உச்ச வெப்பமான நாள் அல்ல. எனவே கணக்குக்கு 55 டிகிரி என்று எடுத்துக்கொண்டோம்.

வயரின் மின்தாங்கு திறன் அட்டவணைகள் 30 டிகிரிச் சூழலுக்கு எழுதப்பட்டவை. பிவிசி உறையுள்ள செம்புக் கம்பி 70 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. சூழலே 55 டிகிரி என்றால் கம்பி இன்னும் 15 டிகிரிதான் சூடேறலாம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60364 தரநிலைப்படி அந்தச் சூழலுக்கான குறைப்புக் காரணி 0.61. சுவரில் பொருத்திய குழாய்க்குள் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 24 ஆம்பியர் தாங்கும், 0.61-ஆல் பெருக்கினால் 14.6. 16 ஆம்பியர் ஆர்சிபிஓவுக்கு அது போதாது. பிளக் பாயிண்டுக்கு வழக்கமாக 2.5 போடுகிறோம் என்ற பழக்கம் பரணில் தோற்கும் இடம் இது. 4 சதுர மில்லிமீட்டர் என்றால் 32 பெருக்கல் 0.61, அதாவது 19.5. சரியாக வருகிறது.

ஆனால் அதே 4 சதுர மில்லிமீட்டர் வயர் போகும் குழாயை வெப்பத்தடுப்புக்குள் புதைத்தால் அடிப்படைத் திறன் 26-ஆகக் குறைந்து, கணக்கு 15.9-இல் நிற்கிறது. எனவே வயர் கனமாக இருந்தால் மட்டும் போதாது, பாதையும் வெப்பத்தடுப்புக்கு மேலேயே போக வேண்டும் என்பது உறுதியானது. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். மிக மோசமான நிலையிலும் அது 8 ஆம்பியருக்கு மேல் தாங்கும், ஆர்சிபிஓ 6 ஆம்பியர்தான்.

பலகையிலிருந்து பரணின் கடைசிச் சாக்கெட் வரை வயர் நீளம் ஏறக்குறைய 20 மீட்டர். முழுச் சுமையான 16 ஆம்பியரில் 4 சதுர மில்லிமீட்டர் வயரில் வோல்டேஜ் இழப்பு சுமார் 3.5 வோல்ட், அதாவது 1.5 விழுக்காடு. கவலைப்பட ஒன்றுமில்லை.

குழாய் எலிக்காக உலோகத்தில். உட்கூரைமேல் ஓடும் மரச்சட்டங்களின் மேல்முகத்தில் வயரை ஓட்டுவதைத் தவிர்த்தோம். பின்னாளில் யாராவது தரைப்பலகையைத் திருகும்போது ஆணி வயரில் இறங்கும். பக்கவாட்டில், மேல்விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டருக்குக் கீழே குழாயைப் பொருத்தினோம். சட்டத்தைக் கடக்க வேண்டிய இரண்டு இடங்களில் உயரத்தின் நடுவில் துளையிட்டோம். சுமை தாங்கும் சட்டத்தில் மேல்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது, நடுவில் இரண்டும் குறைவு; துளையிட ஏற்ற இடம் அதுதான். மேல்விளிம்பில் காடி வெட்டி வயரைப் படுக்கவைத்தால் வேலை சீக்கிரம் முடியும், சட்டம் பலவீனமாகும்.

## வேலை நடந்த விதம்

வெயில் ஏறுமுன் காலையில் மட்டும் பரணில் வேலை செய்தோம். சட்டங்களின் குறுக்கே உறுதியான பலகைகளைப் போட்டு, அவற்றின் மேலிருந்தே வேலை. சட்டங்களுக்கு இடையே உள்ள உட்கூரை ஆளின் எடையைத் தாங்காது. தெர்மாகோல் மூடியிருந்ததால் சட்டம் எது, இடைவெளி எது என்பதே தெரியவில்லை. மூக்குக்கும் வாய்க்கும் தூசிக் கவசம், தலையில் பேட்டரி விளக்கு, கீழே எப்போதும் ஒருவர். மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டி, சாவியை மின்பணியாளர் தம் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லா இணைப்புகளும் பெட்டிக்குள், முனையங்களில், மூடி கழற்றிப் பார்க்கக்கூடிய இடங்களில். பெட்டிகள் எதுவும் தரைப்பலகைக்கு அடியில் போகவில்லை.

விளக்கின் சுவிட்சைப் பரணுக்குள் வைக்கவில்லை. ஏணிக்குக் கீழே, ஏறுவதற்கு முன் கை எட்டும் இடத்தில் வைத்தோம். பரண் விளக்கு எரிந்தால் அங்கே ஒரு சிறு சிவப்புப் புள்ளியும் எரியும். முதல் விளக்கு திறப்புக்கு நேர்மேலே, இறங்குபவரின் நிழல் படிமேல் விழாதபடி. மூன்றுமே மூடிய எல்இடி விளக்குகள். 60 வாட் இழை பல்பு தந்த வெளிச்சத்தை 8, 9 வாட்டில் தருகின்றன, அட்டைப்பெட்டியும் பழந்துணியும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் சூட்டையும் குறைக்கின்றன.

சாக்கெட்டுகளைத் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில், கைமரத்துக்கு இடையே பொருத்திய பலகையில் வைத்தோம். குடும்பத்தார் கேட்டது இரண்டு. நான்கு வைக்கச் சொல்லி வற்புறுத்தினேன். சாக்கெட் குறைந்தால் நீட்டிப்பு வயர் திரும்பி வரும். இந்த வீட்டுக் கதை தொடங்கியதே அதில்தான்.

படுக்கையறையின் பதித்த விளக்குகள் எங்கள் வேலைக்குள் வராதவை. ஆனால் பழுப்பேறிய தகட்டைப் பார்த்த பிறகு அப்படியே மூடிவிட்டு வர மனம் ஒப்பவில்லை. வீட்டுக்காரரை மேலே அழைத்துக் காட்டினோம். அவற்றை நீக்கிவிட்டு உட்கூரையின் கீழ்முகத்தில் பொருத்தும் விளக்குகளை மாட்ட அவர் ஒப்புக்கொண்டார். விறைத்துப்போன மேல்மாடி விளக்கு வயர்களும் புதிதாக, எர்த் கம்பியுடன், தெர்மாகோலைத் தொடாதபடி குழாய்க்குள் மாற்றப்பட்டன. இதனால் செலவு கூடியது. அதற்காக அவர் ஒருநாள் யோசிக்க அவகாசம் கேட்டார், கொடுத்தோம்.

## மின்சாரம் கொடுக்குமுன் சோதனை

வரிசை முக்கியம். மின்சாரம் இல்லாமலே செய்ய வேண்டிய சோதனைகள் முதலில்: எர்த் கம்பி ஒவ்வொரு சாக்கெட் வரைக்கும் அறுபடாமல் போகிறதா, சுவிட்ச் ஃபேஸைத்தான் துண்டிக்கிறதா, சாக்கெட்டுகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா. பிறகு கருவிகளையும் விளக்குகளையும் கழற்றிவைத்து உறையின் காப்புத்திறனை அளக்கும் மெகர் மீட்டர் கொண்டு 500 வோல்ட்டில் உறையின் மின்தடை. 1 மெகாஓம் குறைந்தபட்ச எல்லை; புதிய வயர்கள் 200 மெகாஓமைத் தாண்டிக் காட்டின. ஒப்பிடுவதற்காகக் கழற்றிய பழைய வயரையும் அளந்தோம். விறைத்த ஒரு துண்டு 0.4 மெகாஓம்.

மின்சாரம் கொடுத்த பின் எர்த் வளைய மின்தடை, அதாவது பழுதின்போது மின்சாரம் எர்த் வழியாகச் சுற்றித் திரும்பும் பாதை முழுவதன் மின்தடை. பலகையில் 0.9 ஓம், பரணின் கடைசிச் சாக்கெட்டில் 1.1 ஓம். பி வகை 16 ஆம்பியர் கருவி உடனே துண்டிக்க 80 ஆம்பியர் பாய வேண்டும்; 230 வோல்ட்டில் அதற்கு வளையம் 2.87 ஓமுக்குள் இருக்க வேண்டும். போதிய இடைவெளி இருந்தது. ஆர்சிபிஓக்கள் 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி நொடிக்குள் துண்டிக்க வேண்டும். இரண்டும் 40 மில்லி நொடிக்குள் துண்டித்தன. கருவியிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. உள்ளே இயக்கம் சிக்காமல் இருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும், வீட்டின் எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது.

கடைசியாக எல்லா சர்க்யூட்டுகளிலும் சுமையைப் போட்டு ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மறுபடி கிளாம்ப் மீட்டரில் அளந்தோம். எல்லாவற்றிலும் சுழியம். முடிவுகளைத் தாளில் எழுதி, பரணின் வயர் பாதையைப் புகைப்படங்களுடன் சேர்த்து, பலகைக் கதவின் உட்புறம் வைத்தோம். வீட்டின் பழைய சர்க்யூட்டுகளுக்கும் கசிவுப் பாதுகாப்பு வேண்டும் என்ற பரிந்துரையை எழுத்தில் கொடுத்தோம்.

## பின்னர் நடந்தது

நான்கு மாதங்கள் கழித்து வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மகள் பரணைச் சுத்தம் செய்யத் தூசியுறிஞ்சியைப் பிளக்கில் மாட்டிச் சுவிட்சைப் போட்டவுடன் பிளக் பாயிண்டு ஆர்சிபிஓ விழுந்துவிட்டது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் கருவியைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து பலகையைப் பார்த்திருக்கிறார். கருவி இல்லாமல் ஏற்றியபோது ஆர்சிபிஓ நின்றது. கருவியை மாட்டினால் விழுந்தது. அதற்குமேல் முயலாமல் எங்களை அழைத்தார்.

தூசியுறிஞ்சியின் வயர் உலோக உடலுக்குள் நுழையும் இடத்தில் உறை அறுந்து ஃபேஸ் உடலைத் தொட்டிருந்தது. மேசைவிளக்கில் இருந்த அதே பழுது. இம்முறை உடல் எர்த்துடன் இணைந்திருந்ததால் மகளின் கை உணருமுன்பே மின்சாரம் நின்றது. அதே கருவியை அவர்கள் பழைய இரண்டு கம்பி நீட்டிப்பு வயரில் எத்தனை முறை ஓட்டியிருப்பார்கள் என்று அம்மையார் கேட்டார். அந்த உறை எப்போது அறுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வாரமே வீட்டுக்காரர் பழைய சர்க்யூட்டுகளுக்கும் ஆர்சிபிஓ போடச் சொன்னார். இரு சர்க்யூட்டுகளுக்கு இடையே இருந்த நியூட்ரல் பிணைப்பை முன்பே நீக்கியிருந்ததால் அவை காரணமின்றி விழும் தொல்லை வரவில்லை.

வெயில் காலத்தில் மூன்று எல்இடி விளக்குகளில் ஒன்று செயலிழந்தது. கூரை உச்சிக்கு மிக நெருக்கமாக இருந்த விளக்கு அது. பரணின் சூடான காற்று முழுவதும் அங்கேதான் தேங்குகிறது. எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரிலுள்ள மின்தேக்கிகள் சூட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

பகலில் படிக்க முடியாத சூடு என்பதால் நகர்த்தக்கூடிய குளிர்சாதனம் ஒன்றை மாட்டலாமா என்றும் கேட்டார்கள். 16 ஆம்பியர் சர்க்யூட்டின் மொத்தத் திறன் 3,680 வாட். கணினியுடன் சேர்த்தும் அது தாங்கும் என்பதால் மின்வகையில் தடை இல்லை என்றோம். ஆனால் அதற்கு முன் கூரையின் இரு முனைகளிலும் காற்று வழி திறக்கச் சொன்னோம். திறந்த பிறகு குளிர்சாதனம் வாங்கும் பேச்சு எழவில்லை.

## இனி மாற்றிச் செய்பவை

விளக்குகளை உச்சியில் பொருத்தாமல் கைமரத்தின் பாதி உயரத்தில் பொருத்துகிறோம். டிரைவரைத் தனியாக வைக்கக்கூடிய வகையென்றால் அதைத் திறப்புக்கு அருகில், ஏணியில் நின்றபடியே மாற்றக்கூடிய இடத்தில் வைக்கிறோம்.

மின்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு காலிக் குழாயையும் பதித்து, பின்னாளில் வயர் இழுக்க அதில் ஓர் இழுகயிற்றை விட்டுவருகிறோம். இந்த வீட்டில் பிற்பாடு இணைய வயர் ஒன்றைப் பரணுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தபோது தனிப்பாதை தேட நேர்ந்தது. மின்வயரும் இணைய வயரும் ஒரே குழாயில் போகக்கூடாது என்பதால், வேலை நடக்கும்போதே பக்கத்தில் ஒரு காலிக் குழாயையும் பதித்திருந்தால் சுவரை மறுபடி தொட வேண்டியிருக்காது.

பரணில் ஒரு பல்பு ஏற்கெனவே எரியும் வீடுகளில், எதையும் பிரிப்பதற்கு முன் கிளாம்ப் மீட்டர் சோதனையை முதல் வேலையாக வைத்துக்கொள்கிறோம். வெப்பத்தடுப்புத் தகடு போடவிருக்கும் வீட்டுக்காரர்களிடம், தகடு வருவதற்கு முன்பே மின்பணியாளரை மேலே அழைக்கச் சொல்கிறோம். மூடிய பிறகு ஒவ்வொரு தகட்டையும் தூக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்டிகள் இருக்கும் இடங்களில் தகட்டின் மேல் நிறமிட்டு அடையாளம் வைக்கிறோம்.

வீட்டு வயரிங்கை யார் செய்யலாம், யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அந்தக் குடும்பம் இப்போது செய்துவருவது மூன்று: உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியில் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கிறார்கள், பரணுக்குப் போகும் எந்தப் பழைய கருவியின் வயரையும் முதலில் விரலால் தடவிப் பார்க்கிறார்கள், ஒருமுறைக்கு மேல் விழும் ஆர்சிபிஓவைத் திரும்ப ஏற்றுவதில்லை.